மேலும் ஆய்வு தேவை

அந்த ஒரு வரியை எழுதும்போது சின்னு யோசிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள வியாதி அது. பக்கம் பக்கமாக உயிரைக் கொடுத்து எழுதுவார்கள். எழுதி முடித்ததும் சட்டைக்குக் கடைசிப் பொத்தான் போடுகிற மாதிரி, 'இது குறித்து மேலும் ஆய்வு தேவை' என்று ஒரு வரி போட்டுவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்கள். போடாவிட்டால் கை அரிக்கும். இந்த அறிக்கையில் இவள் போட மறந்தபோது ஆய்வு மையத்தின் இயக்குநரே அறிக்கையைத் திருப்பி அனுப்பினார். "கடைசி வரி எங்கம்மா? அது இல்லேன்னா அடுத்த ஆய்வுக்கு யாரு நிதி கொடுப்பா?" என்று கேட்டு ஒரு சிரிப்பு வேறு. இவளும் சிரித்துக்கொண்டே தட்டிச் சேர்த்தாள்.

இப்போது அந்த வரி, குழுக் கூட்டத்தின் பெரிய திரையில் மஞ்சள் அடித்துக்கொண்டு நின்றது. மஞ்சள் அடித்தவர் பேருந்து நிர்வாகத்தின் வக்கீல்.

"இது நான் எழுதினதில்லீங்க. அம்மாவே எழுதினது. சத்தமாப் படிக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் படித்தார். பாவி மனுஷன், என்ன இழுப்பு, என்ன ஏற்ற இறக்கம்!

விஷயம் இதுதான். அந்த நகரத்தில் பேருந்து டிரைவர்கள் காலை ஷிப்ட் முடிந்ததும் இறங்கி, முகம் கழுவி, ஒரு டீ குடித்துவிட்டு, திரும்ப ஏறி அடுத்த ஷிப்டையும் ஓட்டுவார்கள். டபுள் டூட்டி. கேட்டால் நிர்வாகம் 'ஆள் இல்லை' என்னும், டிரைவர்கள் 'சம்பளம் கூட வருது' என்பார்கள். நடுவில் தூக்கம் என்று ஒன்று இருப்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. விட்டவள் சின்னுதான். மாதக்கணக்கில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து, முன்னால் இருக்கிற கண்ணாடியில் அவர்களுடைய இமைகளையே பார்த்துக்கொண்டு போய் வந்தவள். விபத்துப் பதிவுகளை ஒன்று விடாமல் தோண்டியவள். இரண்டாவது ஷிப்டின் பிற்பாதியில் விபத்து மற்ற நேரத்தைவிட மூன்று மடங்கு என்று கண்டுபிடித்துச் சொன்னாள். டபுள் டூட்டியைத் தடை செய்வதா வேண்டாமா என்று முடிவு பண்ணத்தான் அரசாங்கம் அமைத்த குழு இன்றைக்கு மதியம் கூடியிருந்தது.

அவளுக்கு இது வெறும் ஆராய்ச்சி மட்டும் இல்லை. அவளுடைய அண்ணன் ரயிலடி டெப்போவில் டிரைவர். அதை அவள் ஒளிக்கவில்லை; அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். அந்த டெப்போ வண்டிகளில் ஆய்வுக்காக ஏறவும் இல்லை. ஆனால் மனசு அறிக்கை படித்தா நடக்கும்? போன மாதம் அண்ணி சமையலறையில் வைத்துச் சொன்னாள்: "தூக்கத்துல வலது காலை மெத்தையில போட்டு அமுக்கறாரு சின்னு. பிரேக்குப் பிடிக்கறாராம். எழுப்பிக் கேட்டா, ஒண்ணுமில்ல தூங்குங்கறாரு." அதற்கு முந்தின வாரம் அண்ணன் இரண்டு நிறுத்தங்களைத் தாண்டிப் போயிருக்கிறான். ஜனங்கள் கத்திய பிறகுதான் நிறுத்தினான். ஏதோ யோசனையில் இருந்துவிட்டேன் என்று சிரித்து மழுப்பினானாம். சின்னுவுக்கு அது என்ன யோசனை என்று தெரியும். கண்ணைத் திறந்துகொண்டு தூங்குகிற தூக்கம் அது. அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுதியிருந்தாள்.

அண்ணனோ அவளுடன் சரியாகப் பேசி ஒரு மாதம் ஆகிறது. "உன் படிப்புக்கும் இந்த டபுள் டூட்டிதான் ஓடிச்சு, இப்போ என் பிள்ளைங்க படிப்புக்கும் அதுதான் ஓடுது. அதுல வந்து கை வைக்கறியே, உனக்கே நல்லா இருக்கா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டவன்தான். அவன் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

"அவங்களே மேலும் ஆய்வு தேவைன்னு சொல்லிட்டாங்க," என்றார் வக்கீல். "அப்புறம் நமக்கு என்னங்க அவசரம்?"

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாராவது ஏசுவார்கள் என்று தெரிந்தே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற ஆள். தடை போட்டால் டிரைவர்கள் கொடி பிடிப்பார்கள். போடாமல் நாளைக்கு ஒரு வண்டி எங்காவது போய் மோதினால் ஊரே இவர் வாசலில் நிற்கும். தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்தால் கசக்குமா?

"நியாயந்தானேம்மா?" என்று சின்னுவைப் பார்த்தார்.

"ஐயா, அது எல்லா அறிக்கையிலயும் வழக்கமாப் போடற வரிங்க."

சொல்லி வாயை மூடுவதற்குள் அவளுக்கே தெரிந்துவிட்டது, வக்கீல் வெட்டி வைத்த குழியில் தானே நடந்து போய் விழுந்திருக்கிறோம் என்று.

"ஓஹோ! அர்த்தம் இல்லாம சும்மா போட்ட வரியா?" வக்கீல் அறிக்கையைத் தூக்கிக் காட்டினார். "அப்போ இதுக்குள்ள சும்மா போட்ட வரி இன்னும் எத்தனைம்மா இருக்கு? எதெதுன்னு சொல்லிட்டீங்கன்னா நாங்க அடிச்சிட்டுப் படிப்போம். மூணு மடங்குங்கறது சும்மாவா, நிஜமாவா?"

அறை குலுங்கிச் சிரித்தது. சின்னுவுக்குக் காது மடலெல்லாம் சுட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த இயக்குநர் உதடு அசையாமல் முணுமுணுத்தார்: "ஒத்துக்கிட்டு உட்காரு. தள்ளிப்போட்டா நமக்கென்ன நஷ்டம்? அடுத்த நிதி வரும்."

நமக்கென்ன நஷ்டமாம்! அவருடைய அண்ணனா மெத்தையில் பிரேக் பிடிக்கிறான்?

வக்கீல் விடவில்லை. "சரி, ஒரே கேள்வி. தடை போட்டா விபத்து குறையுமா? ஆமாவா, இல்லையா?"

'ஆமாம்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் மேசையைத் தட்டிச் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருஷப் பழக்கம், பாழாய்ப்போன பழக்கம், அவள் நாக்கைப் பிடித்து இழுத்தது.

"குறையறதுக்கு வாய்ப்பு அதிகம்."

"வாய்ப்பு." வக்கீல் அந்தச் சொல்லை வாயில் போட்டுச் சப்பினார். "இப்போ டபுள் டூட்டியை நிறுத்தினா மாலை ஷிப்டுக்குப் புது ஆள் எடுக்கணும். ரோடு தெரியாத ஆள். இந்த வண்டியைப் பிடிச்சுப் பழக்கம் இல்லாத ஆள். பழைய ஆள் தூங்கி மோதறதை விட புது ஆள் முழிச்சுக்கிட்டே அதிகமா மோதினா? அதை ஆராய்ஞ்சீங்களா?"

"இல்லை," என்றாள் சின்னு. வேறு என்ன சொல்வாள்? அவள் அதை ஆராயவில்லை. ஆள் குறுக்குப்புத்திக்காரன்தான், ஆனால் கேள்வி நேர்கேள்வி. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது.

"அப்போ இரண்டு வருஷம் தள்ளி வெச்சு, முழுசா ஒரு ஆய்வு..." என்று தலைவர் பேனாவை எடுத்தார்.

இரண்டு வருஷம். அத்தனை நாளும் அண்ணன் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவான், அவன் முதுகுக்குப் பின்னால் ஒரு வண்டி நிறைய ஜனம் உட்கார்ந்திருக்கும். சின்னு எழுந்து நின்றுவிட்டாள். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"தேவைதாங்க!" கத்தியே விட்டாள். "மேலும் ஆய்வு தேவைதான். நான் எழுதினது நிஜம். ஆனா எதை ஆராயறது? தடையே போடாம, தடை போட்டா என்ன ஆகும்னு எங்கே போய் உட்கார்ந்து பார்க்கறது? மொத்தம் எட்டு டெப்போ இருக்கு. நாலுல அடுத்த திங்கள்கிழமையிலேர்ந்து டபுள் டூட்டி கிடையாது. நாலு இப்போ இருக்கற மாதிரியே ஓடட்டும். ஒரு வருஷம் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம். புது ஆள் மோதறானா, பழைய ஆள் மோதறானான்னு தெரிஞ்சுடும். எது எந்தப் பக்கம்னு நானும் சொல்லக்கூடாது, நிர்வாகமும் சொல்லக்கூடாது. சீட்டுக் குலுக்கிப் போடுங்க."

இயக்குநர் முதலில் வாயைப் பிளந்தார்; அப்புறம் மெதுவாக அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. இத்தனை பெரிய சோதனை, அதுவும் அரசாங்கமே நடத்திக் கொடுக்கிற சோதனை, அவர் கனவில்கூட வந்ததில்லை. தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். தடை போட்டேன் என்றும் சொல்லலாம், போடவில்லை என்றும் சொல்லலாம். இப்படி ஒரு வசதி எந்தப் பதவிக்காரனுக்குக் கிடைக்கும்?

"நல்லா இருக்கேம்மா இது," என்றார்.

வக்கீல் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். கேட்டது ஆய்வு, கொடுத்திருப்பதும் ஆய்வு. எப்படி வேண்டாம் என்பார்? "சரி. ஆனா ஒரு நிபந்தனை. குலுக்கின பிறகு ஒரு டெப்போவை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகர்த்தினாலும், உள்ளே எதையாவது நோண்டினாலும், மொத்தமும் ரத்து. அப்புறம் தடைங்கற பேச்சையே எடுக்கக்கூடாது. சீட்டையும் அம்மாவே எடுக்கட்டும். நாளைக்கு நாங்க ஏதோ தில்லுமுல்லு பண்ணிட்டோம்னு சொல்ல வேண்டாம் பாருங்க."

"சம்மதம்," என்றாள் சின்னு.

குழுச் செயலாளர் அம்மா காகிதத்தைக் கிழித்து ஒவ்வொரு டெப்போவின் பெயராக எழுத ஆரம்பித்தாள். துறைமுகம், சந்தை, ஆற்றங்கரை என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள். "ரயிலடி" என்று அவள் சொன்னபோதுதான் சின்னுவுக்குச் சுரீர் என்று உறைத்தது. மடச்சி! எட்டு டெப்போ என்று பொதுவாகச் சொன்னாளே தவிர, அந்த எட்டில் ஒன்றில் அண்ணன் உட்கார்ந்திருக்கிறான் என்று அந்த வேகத்தில் தோன்றவே இல்லை. சோதனைக்குத் தேவை எட்டு, இருப்பது எட்டு, அவ்வளவுதான் புத்தியில் இருந்தது. இந்த மாதிரித் தப்பை ஒரு ஆராய்ச்சிக்காரியால்தான் செய்ய முடியும்.

ரயிலடியை மட்டும் விலக்கிவிடுங்கள் என்று கேட்கலாமா? கேட்டால் நியாயம் என்றுதான் சொல்வார்கள். விலக்கினால் என்ன ஆகும்? புது விதி அங்கே வராது. அண்ணன் தானாகவே பழைய பக்கம் போய்விடுவான். உள்ளே இருந்தால் பாதிக்குப் பாதியாவது வழி உண்டு. சின்னு வாயை இறுக மூடிக்கொண்டாள்.

சீட்டுகளை மடித்து ஒரு காலி பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கினார்கள். "முதல்ல எடுக்கற நாலுக்கும் புது விதி. மீதியைப் பிரிக்கவே வேண்டாம், பழைய மாதிரியே," என்றார் தலைவர்.

சின்னு கையை விட்டாள். முதல் சீட்டை எடுத்துப் பிரித்தாள்.

"துறைமுகம்."

செயலாளர் அம்மா எழுதிக்கொண்டாள். அடுத்து எடுத்தாள். "மேட்டுத்தெரு." இன்னும் இரண்டு. கடவுளே, ஒரே ஒரு சீட்டு! இந்த ஆராய்ச்சியும் வேண்டாம், பேரும் வேண்டாம், அந்த ஒரு சீட்டு மட்டும் கையில் தட்டுப்படட்டும்!

"ஆற்றங்கரை."

நாலாவதற்குக் கையை விட்டபோது ஒரு சீட்டு டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். விட்டாள். வேறொன்றை எடுத்தாள். பிரித்தாள்.

'சந்தை' என்று இருந்தது.

செயலாளர் அம்மா பேனாவைத் தாளில் வைத்துக் குனிந்திருந்தாள். தலைவர் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். வக்கீல் இயக்குநரிடம் ஏதோ கேட்டு இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூட அவள் கையைப் பார்க்கவில்லை. மீதிச் சீட்டுகளை யாரும் பிரிக்கப்போவதில்லை. 'ரயிலடி' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காகிதத்தைக் கசக்கிப் போட்டால் முடிந்தது கதை. அண்ணன் அடுத்த திங்களிலிருந்து மாலையில் வீட்டுக்கு வருவான், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடுவான், கத்துவான், திட்டுவான், உயிரோடு இருப்பான்.

அப்போது சந்தை டெப்போ? அங்கேயும் யாரோ ஒருத்தி வீட்டில் உட்கார்ந்து, புருஷனின் கால் மெத்தையை அமுக்குவதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அது மட்டும் இல்லை. கையால் பொறுக்கி வைத்த சோதனை என்ன சொன்னாலும் இவளே இனி நம்ப மாட்டாள். வருஷக் கடைசியில் இதே திரையில் ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, இவர்கள் கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் எட்டு டெப்போவுக்கும் சட்டம் வரும், வராமலும் போகும்.

"என்னம்மா, எழுத்து புரியலையா?" என்று செயலாளர் அம்மா நிமிர்ந்தாள்.

"புரியுது." காகிதத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினாள். "சந்தை."

அவ்வளவுதான். டப்பாவில் இருந்த மீதியைக் குப்பைக்கூடையில் கவிழ்த்தார்கள். தலைவர் எழுந்து கை குலுக்கினார். யாரோ கை தட்டினார்கள்.

வெளியே நடைபாதைக்கு வந்ததும் இயக்குநர் பின்னாலேயே ஓடி வந்தார். "நீ பெரிய ஆளும்மா! போட்டு வாங்கிட்டியே! இந்த ஒரு ஆய்வு போதும், பல நாட்டுச் சட்டத்தை மாத்தும், பார்த்துக்கிட்டே இரு." அவர் பேசுவது எங்கோ பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிக் கேட்டது. பையில் கைப்பேசி அதிர்ந்தது.

அண்ணன்.

"என்ன சின்னு, எங்க டெப்போவைக் காப்பாத்திட்டியாமே!" குரலில் அப்படி ஒரு துள்ளல். "டிரைவருங்க வாட்ஸ்அப் குரூப்புல வந்துடுச்சு. துறைமுகத்துக்காரனுங்க எல்லாம் வயிறெரிஞ்சு உட்கார்ந்திருக்கானுங்க. சீட்டு எடுத்ததே நீதானாமே?"

"அண்ணா, அது குலுக்கல்ல..."

"ஒண்ணும் சொல்லாதே. எனக்குப் புரியுது. வெளியே சொல்ல முடியாத விஷயம்." அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணன் மேல இவ்வளவு பாசத்தை வெச்சிருக்கே. நான் ஒரு மாசமா உன்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தேன் பாரு, என்னைச் செருப்பால அடிக்கணும்."

"நான் எதுவும் பண்ணலை அண்ணா. நிஜமாவே குலுக்கல்தான்."

"சரி சரி, குலுக்கல்தான். யாரு இல்லேன்னா?" என்று சிரித்தான். சிரிப்பின் நடுவே ஒரு கொட்டாவி வந்தது. அவள் அதைக் கேட்டாள்.

"எங்கே இருக்கே இப்போ?"

"டெப்போவுலதான். காலை ஷிப்ட் முடிஞ்சுது. டீ குடிச்சாச்சு, அடுத்ததுக்குக் கிளம்பறேன்."

"அண்ணா, நான் ஒண்ணு சொன்னா கேப்பியா? இன்னிக்கு ஒரு நாள் வேணாம். உடம்பு சரியில்லேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போய்ப் படு. நாளைக்கும் வேணாம். உனக்கு வர்ற சம்பளத்தை நான் பார்த்துக்கறேன்."

"அடிப்போடி!" என்றான் அண்ணன். "நான் போய்ப் படுத்துட்டா உன் கணக்கு கெட்டுப் போகாதா? அவங்க ஒரு ஷிப்ட் ஓட்டணும், நாங்க ரெண்டு ஓட்டணும், அப்பத்தானே ஒத்துப் பார்க்க முடியும்? ஒரு ஆளு குறைஞ்சாலும் ஆராய்ச்சி ரத்தாமே, குரூப்புல போட்டிருக்கான். படிச்சவ நீ, உனக்கு நான் சொல்லித் தரணுமா? உன் ஆராய்ச்சிக்காகவாவது ஒரு நாள் விடாம ஓட்டறேன், போதுமா?"

அவன் சொன்னது சரி. அச்சுப் பிசகாமல் சரி. இன்றைக்கும் நாளைக்கும் கணக்கில் வராதுதான்; ஆனால் அடுத்த திங்கள் வந்துவிட்டால் பழைய பக்கத்து ஆளை ரகசியமாக வீட்டுக்கு அனுப்புவது பித்தலாட்டம், அதற்குத்தான் வக்கீல் நிபந்தனை போட்டிருந்தார். இயக்குநர் எதிரே நின்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயம் புரிந்து, வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

சின்னு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "கெட்டா கெட்டுத் தொலையட்டும்!" என்று வெடித்தாள். "ஆராய்ச்சியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். நீ வீட்டுக்குப் போ அண்ணா. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன், போ!"

பதில் இல்லை. எப்போது வைத்தான், எதுவரைக்கும் கேட்டான் என்று தெரியவில்லை. திரும்ப அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொன்னது. இன்னொரு தடவை அடித்தாள். அதே குரல்.

டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தால் கைப்பேசியை அணைத்துவிட வேண்டும் என்று ஒரு விதி உண்டு. சின்னு செய்த முதல் ஆய்வைப் படித்துவிட்டுத்தான் அந்த விதியைப் போட்டார்கள். வந்த புதிதில் டிரைவர்கள் எல்லாரும் அவளைத் திட்டித் தீர்த்தார்கள். இன்றைக்கும் பாதிப் பேர் அணைப்பதில்லை. தங்கச்சி சொன்னது என்பதற்காக அண்ணன் மட்டும் அதை ஒரு நாள்கூட மீறியதில்லை.